சிறுவர் இணையப் பாதுகாப்பு

சிறுவர் இணையப் பாதுகாப்பு என்பது 18 வயது நிறைவடையாதோர் இணையத்தைப் பயன்படுத்தும்போது அவர்களுக்கு நேரக்கூடிய உடல், உள, பொருள் தீங்குகளைத் தடுப்பதற்கும், தீங்கு நேர்ந்தபின் அவர்களை அதிலிருந்து மீட்பதற்கும் மேற்கொள்ளப்படும் செயற்பாடுகளைக் குறிக்கும். பெற்றோர், ஆசிரியர், அரசு, இணைய நிறுவனங்கள் ஆகிய அனைவருக்கும் இதில் பங்கு உண்டு. எனினும் பிள்ளையுடன் நாள்தோறும் வாழ்பவர்கள் என்ற வகையில் பெற்றோரின் பங்கே முதன்மையானது.

வடிகட்டி மென்பொருள்களும் சட்டங்களும் இப்பாதுகாப்பிற்குத் துணை நிற்கின்றன. ஆயினும் சிறுவருக்கு எதிரான இணையக் குற்றங்களிற் பல, பிள்ளை வாய் திறக்காது என்ற நம்பிக்கையிலேயே நடத்தப்படுகின்றன. ஆகவே, நேர்ந்ததைப் பெற்றோரிடம் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை பிள்ளைக்கு இருப்பதே எல்லாப் பாதுகாப்புக்கும் அடிப்படையாகும்.

வரலாறு

இணையத்தில் சிறுவரைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி 1990களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. 1996 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு ஆபாசமான அல்லது ஒழுங்கற்ற உள்ளடக்கத்தை இணையத்தில் அளிப்பதைக் குற்றமாக்கியது. ஒழுங்கற்ற உள்ளடக்கம் பற்றிய பிரிவுகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1997 இல் செல்லாதவை என அறிவித்தது. அப்பிரிவுகள் பெரியவர்களின் பேச்சுரிமையையும் பறிக்கின்றன என்றும், பெற்றோர் தம் வீட்டில் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்கள் போன்ற, உரிமையைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழிகள் உள்ளன என்றும் நீதிமன்றம் கருதியது.

1998 இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறுவர் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 13 வயதுக்குட்பட்டோரின் சொந்தத் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதைத் தடைசெய்தது. பெரும்பாலான சமூக வலைத்தளங்கள் கணக்குத் தொடங்க 13 வயதை எல்லையாக வைத்திருப்பதற்கு இச்சட்டமே காரணம். அவ்வயது தகவல் திரட்டல் தொடர்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அன்றி, 13 வயதில் பிள்ளை சமூக வலைத்தளங்களுக்கு உளமுதிர்ச்சி பெற்றுவிடுகிறது என்ற பொருளில் அல்ல.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் பலரும் இணைய மையங்களுக்குச் சென்றே இணையத்தைப் பயன்படுத்தினர். வீட்டில் கணினி வாங்கியவர்களுக்கு, அதைப் பிள்ளையின் அறையில் வைக்காமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில் வைக்க வேண்டும் என்பதே அக்காலத்து முதன்மை அறிவுரையாக இருந்தது. 2016 க்குப் பின் நகர்பேசி இணையத்தின் விலை பெரிதும் குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்புகள் நகர்பேசிக்கு மாறின. தமிழ்நாட்டில் 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. இக்காலத்தில் நகர்பேசி பாடநூலுக்கு இணையான பொருளாகிவிட்டதால், கூடத்தில் கணினி என்ற பழைய அறிவுரை மட்டும் போதாததாயிற்று.

இடர்களின் வகைகள்

ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் 2006 இல் தொடங்கிய 'ஈயூ கிட்ஸ் ஆன்லைன்' என்னும் ஆய்வுத் திட்டம் சிறுவர் எதிர்கொள்ளும் இணைய இடர்களை மூன்றாக வகுத்தது. பின்னர் 2021 இல் நான்காவது வகையும் சேர்க்கப்பட்டது.

• உள்ளடக்க இடர்: பிள்ளை காணும் பொருளால் வருவது. ஆபாசப் படங்கள், கொடூரக் காட்சிகள், வெறுப்புப் பேச்சு, தற்கொலையையோ உடலை வருத்துவதையோ தூண்டும் பதிவுகள் இதில் அடங்கும்.
• தொடர்பு இடர்: பெரியவர் ஒருவர் தீய நோக்குடன் பிள்ளையை அணுகுவதால் வருவது.
• நடத்தை இடர்: சிறுவர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறையால் வருவது. வகுப்புக் குழுவில் ஒருவரைக் கேலி செய்தல், ஒருவரது படத்தை அவர் அறியாமல் பரப்புதல் ஆகியன எடுத்துக்காட்டுகள். இவ்வகையில் பிள்ளை பாதிக்கப்பட்டவராக மட்டுமன்றித் தீங்கு செய்பவராகவும் இருக்கக்கூடும்.
• ஒப்பந்த இடர்: வணிக நிறுவனங்களின் நடைமுறைகளால் வருவது. தகவல் திரட்டல், விளையாட்டுகளில் பணம் செலவிடத் தூண்டுதல், நிறுத்த இயலாதவாறு காணொளிகளை அடுத்தடுத்துக் காட்டுதல் முதலியன இதில் அடங்கும்.

இடர் வேறு, தீங்கு வேறு என்பதை இவ்வாய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர். சாலையைக் கடப்பதில் இடர் உண்டு. கடக்கும் அனைவரும் விபத்துக்கு உள்ளாவதில்லை. இடரை எதிர்கொண்ட சிறுவர் பலர் பாதிப்பின்றி அதைக் கடந்து செல்கின்றனர்.

வசப்படுத்தலும் மிரட்டலும்

மேற்கூறியவற்றுள் மிகக் கொடியது, பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் நட்புப் பாராட்டிப் பாலியல் நோக்கத்துக்கு வசப்படுத்துவதாகும். இது பெரும்பாலும் படிப்படியாக நடக்கிறது. முதலில் விளையாட்டு அரட்டையிலோ சமூக வலைத்தளத்திலோ அறிமுகம் ஏற்படுகிறது. அணுகுபவர் ஒத்த வயதினராகத் தம்மைக் காட்டிக்கொள்வதும் உண்டு. பின்னர் புகழுரை, பரிசு, விளையாட்டுக்குரிய நாணயங்கள், ஆறுதல் மொழி ஆகியவற்றால் நம்பிக்கை வளர்க்கப்படுகிறது. அடுத்து, உரையாடல் பிறர் பார்க்க இயலாத தனிச்செயலி ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. வீட்டில் சொன்னால் நகர்பேசியைப் பறித்துவிடுவார்கள் என்று பிள்ளைக்கு உணர்த்தப்படுகிறது. அதன் பின்னரே அந்தரங்கப் படம் கேட்கப்படுகிறது.

படம் ஒன்று கைக்குக் கிடைத்தவுடன் மிரட்டல் தொடங்குகிறது. மேலும் படம் வேண்டும் அல்லது பணம் வேண்டும், இல்லையேல் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிவிடுவேன் என்பதே அம்மிரட்டலின் வடிவம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியபின், பிள்ளை எதையும் அனுப்பாத நிலையிலும், சமூக வலைத்தளத்தில் உள்ள சாதாரண முகப்படத்தைக் கொண்டு போலி நிர்வாணப் படம் உருவாக்கி மிரட்டும் நிகழ்வுகள் நடைபெறுகின்றன.

இம்மிரட்டலின் வலிமை படத்தில் இல்லை. பெற்றோரின் சினத்தைப் பற்றிப் பிள்ளை கொண்டுள்ள அச்சத்திலேயே உள்ளது. பெற்றோர் அறிந்துவிட்டால் மிரட்டுபவரின் முதன்மை ஆயுதம் பறிபோகிறது. ஆகவே, சொன்னால் அடி விழும், படிப்பு நின்றுவிடும் என்ற அச்சம் நிலவும் வீடு, பெற்றோர் அறியாமலேயே குற்றவாளிக்குத் துணைபோகிறது.

பெற்றோர் அறிவதும் அறியாததும்

ஈயூ கிட்ஸ் ஆன்லைன் திட்டம் 2010 இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9 முதல் 16 வயது வரையிலான 25,142 சிறுவரிடமும், அவர்களுடைய பெற்றோருள் ஒருவரிடமும் தனித்தனியே வினவியது. இணையத்தில் கண்ட ஏதோவொன்று தம்மை வருத்தியதாக 12% சிறுவர் கூறினர். சிறுவரின் விடையையும் அவர்தம் பெற்றோரின் விடையையும் ஒப்பிட்டபோது பின்வருவன தெரியவந்தன:

• இணையத்தில் பாலியல் படங்களைப் பார்த்திருந்த சிறுவரின் பெற்றோருள் 40% பேர், தம் பிள்ளை அவற்றைப் பார்த்ததில்லை என்றனர்.
• புண்படுத்தும் செய்திகளைப் பெற்றிருந்த சிறுவரின் பெற்றோருள் 56% பேர், அவ்வாறு நடக்கவில்லை என்றனர்.
• இணையத்தில் அறிமுகமானவரை நேரில் சந்தித்திருந்த சிறுவரின் பெற்றோருள் 61% பேர், தம் பிள்ளை அவ்வாறு சந்திக்கவில்லை என்றனர்.

மிகவும் இடர் நிறைந்த செயலான நேர்ச் சந்திப்பிலேயே பெற்றோரின் அறியாமை மிகுந்திருந்தது குறிப்பிடத்தக்கது.

பெற்றோர் வழிகாட்டும் முறைகள்

பெற்றோர் கையாளும் முறைகளை இவ்வாய்வு ஐந்தாகப் பகுத்தது.

1. உடனிருந்து பகிர்தல்: பிள்ளையுடன் அமர்ந்து இணையத்தைப் பயன்படுத்துதல், பார்ப்பதைப் பற்றி உரையாடுதல்.
2. பாதுகாப்புப் பற்றிப் பேசுதல்: எத்தளம் நல்லது, எது தீயது, ஏன் என்று விளக்குதல், சிக்கல் வந்தால் என்ன செய்வது எனச் சொல்லித் தருதல்.
3. கட்டுப்படுத்தல்: நேரம், செயலிகள், தகவல் பகிர்வு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தல்.
4. தொழில்நுட்பத் தடை: வடிகட்டிகளையும் தடுப்பு மென்பொருள்களையும் நிறுவுதல்.
5. கண்காணித்தல்: பார்த்த தளங்களையும் செய்திகளையும் பின்னர் சரிபார்த்தல்.

கட்டுப்பாடுகள் இடரைக் குறைக்கின்றன. ஆனால் அவை பிள்ளையின் கற்றலையும் இணையத் திறனையும் சேர்த்தே குறைக்கின்றன. உரையாடலை முதன்மையாகக் கொண்ட முறை, சிக்கல் வரும்போது அதைக் கையாளும் திறனைப் பிள்ளைக்குத் தருகிறது. எனவே சிறு வயதில் கட்டுப்பாடு மிகுந்தும், வயது ஏற ஏற உரையாடல் மிகுந்தும் இருப்பது பொருத்தமானது.

வயதுக்கேற்ற வழிகாட்டல்

ஐந்து வயதுக்குட்பட்டோர்: உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயது வரையான குழந்தைகளுக்குத் திரை நேரம் கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அதிலும் குறைவாக இருப்பது நன்று. சோறூட்டுவதற்கு நகர்பேசியைக் கையில் கொடுக்கும் பழக்கம் இவ்வழிகாட்டலுக்கு மாறானதாகும்.

தொடக்கப்பள்ளிப் பருவம்: பெற்றோர் அருகில் இருக்கும்போது மட்டும், பெற்றோர் தேர்ந்த தளங்களை மட்டும் பயன்படுத்துவது இப்பருவத்துக்கு ஏற்றது. பெயர், பள்ளி, முகவரி, கடவுச்சொல், பணப்பரிமாற்றத்துக்கு வரும் ஒருமுறைக் கடவெண் ஆகியவற்றை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை இப்போதே கற்பிக்க வேண்டும். வீட்டில் சொல்லாதே என்று எவர் கூறினாலும் அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி, பல எச்சரிக்கைகளை விடப் பயன் தருவதாகும்.

நடுநிலைப்பள்ளிப் பருவம்: குழு அரட்டைகளும் பலர் சேர்ந்தாடும் விளையாட்டுகளும் இப்பருவத்தில் தொடங்குகின்றன. அறிமுகமற்றோரின் நட்பு வேண்டுகோளை ஏற்காதிருத்தல், தடைசெய்தல், முறையிடுதல் ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும். நகர்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றும் வழக்கத்தைப் பெற்றோரும் கடைப்பிடித்தால் அது நிலைக்கும்.

பதின்ம வயது: தனியுரிமை இப்பருவத்தின் இயல்பான தேவை. உடல், காதல், பாலியல் பற்றிய ஐயங்களுக்கு வீட்டில் விடை கிடைக்காத பிள்ளை அவற்றை இணையத்தில் தேடும். அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதையும், எவ்வளவு பெரிய தவறு நேர்ந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்பதையும் சிக்கல் வருமுன்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தொழில்நுட்பக் கருவிகள்

கூகுள் நிறுவனத்தின் 'பேமிலி லிங்க்' 2017 இலும், ஆப்பிள் நிறுவனத்தின் 'ஸ்கிரீன் டைம்' 2018 இலும் அறிமுகமாயின. பயன்பாட்டு நேரத்தை வரையறுத்தல், செயலிகளை நிறுவப் பெற்றோர் ஒப்புதல் கோருதல் முதலிய வசதிகளை இவை அளிக்கின்றன. தேடுபொறிகளில் ஆபாச முடிவுகளை விலக்கும் பாதுகாப்பான தேடல் வசதி உண்டு. வீட்டின் இணைய இணைப்புக்கே வடிகட்டும் களப்பெயர்ச் சேவையை அமைப்பதும் இயலும். கிளவுட்பிளேர் நிறுவனம் 2020 முதல் 1.1.1.3 என்னும் முகவரியில் இத்தகைய சேவையைக் கட்டணமின்றி வழங்குகிறது.

இக்கருவிகளுக்கு எல்லைகள் உண்டு. சொற்களைக் கொண்டு வடிகட்டும் முறை பிழை மிகுந்தது. இங்கிலாந்தின் இசுகந்தோர்ப்பு நகரப் பெயரின் ஆங்கில எழுத்துகளினிடையே ஒரு வசைச்சொல் அமைந்திருந்ததால், 1996 இல் அந்நகரத்தார் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமற் போனது. தமிழ் வசைச்சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் ஆங்கிலத்துக்கென உருவான வடிகட்டி அவற்றை அறிவதில்லை. வாட்சப் போன்ற செயலிகளில் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால், வலையமைப்பில் நிறுவிய வடிகட்டியால் அவற்றின் உள்ளடக்கத்தைக் காண இயலாது.

பிள்ளைகள் தமக்கெனக் கணக்கு இல்லாமல் தாய் அல்லது தந்தையின் நகர்பேசியையே பயன்படுத்தும் வீடுகளில் மற்றொரு குறையும் உண்டு. கணக்கில் பெரியவரின் வயது பதிவாகியிருப்பதால், சிறுவருக்கென நிறுவனங்கள் அமைத்துள்ள பாதுகாப்புகள் எவையும் அங்கே செயற்படுவதில்லை. பிள்ளைக்கென அதன் உண்மையான வயதுடன் தனிக்கணக்கு அமைப்பதும், பணப்பரிமாற்றச் செயலிகளைப் பூட்டி வைப்பதும் இதற்குத் தீர்வுகளாகும். நகர்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால், ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இவ்வமைப்புகளைச் செய்ய இயலும்.

தீங்கு நேர்ந்தால் செய்ய வேண்டியவை

• பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் முழுவதையும் கேட்க வேண்டும். தவறு மிரட்டியவருடையதே என்பதைச் சொல்ல வேண்டும். தண்டனையாக நகர்பேசியைப் பறித்தால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது.
• மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பக்கூடாது. பணம் கிடைத்தபின்பும் மிரட்டல் தொடர்வதே வழக்கம்.
• உரையாடல்களை அழிக்கக்கூடாது. பயனர் பெயர், கணக்கின் முகவரி, தொலைபேசி எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்த பின்னரே அக்கணக்கைத் தடைசெய்ய வேண்டும்.
• பிள்ளையின் அந்தரங்கப் படத்தைச் சான்றுக்காகக்கூடப் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பக்கூடாது. கருவியை அப்படியே காவல்துறையிடம் காட்ட வேண்டும்.
• இந்தியாவில் சிறுவர் உதவித் தொலைபேசி 1098 ஆகும். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில், சிறுவர் பாலியல் படங்கள் பற்றிப் பெயர் குறிப்பிடாமலும் முறையிடலாம். பண இழப்பு நேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். உளநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் 2022 முதல் செயற்படுகிறது. இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929 ஆகும்.
• படம் பரவாமல் தடுக்க, 'டேக் இட் டவுன்' என்னும் கட்டணமற்ற சேவை 2023 இல் அறிவிக்கப்பட்டது. இதில் படத்தைப் பதிவேற்ற வேண்டியதில்லை. படத்திலிருந்து கணிக்கப்படும் எண்ணியல் கைரேகை மட்டுமே அனுப்பப்படுகிறது. அதைக் கொண்டு, பங்கேற்கும் தளங்கள் அப்படத்தைக் கண்டறிந்து நீக்குகின்றன.

இந்தியச் சட்டங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இல் 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 67ஆ பிரிவு, சிறுவரின் பாலியல் படங்களை வெளியிடுவதையும், தேடுவதையும், பதிவிறக்குவதையும், சிறுவரை இணையவழிப் பாலியல் உறவுக்குத் தூண்டுவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக் குற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், பாலியல் நோக்குடன் பிள்ளையை மின்னணு வழியில் தொடர்ந்து அணுகுவதைப் பாலியல் தொல்லையாக வரையறுக்கிறது. உண்மையான படத்தையோ புனையப்பட்ட படத்தையோ வெளியிடுவதாக மிரட்டுவதும் குற்றமாகும். இச்சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. ஆகவே குடும்ப மானம் கருதி மறைப்பது சட்டப்படியும் தவறாகும். அதே நேரத்தில் பிள்ளைக்குப் பல பாதுகாப்புகளையும் இச்சட்டம் அளிக்கிறது. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே பெறப்படலாம். பதிவுசெய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக்கூடாது.

இத்தகைய படங்களை வெறுமனே பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகா என்ற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் ஒரு வழக்கை நீக்கியது. அவ்வாணையை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இப்படங்களைக் குறிக்க ஆபாசப்படம் என்னும் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தாமல், சிறுவர் மீதான பாலியல் சுரண்டலையும் கொடுமையையும் காட்டும் பொருள் எனக் குறிப்பிட வேண்டும் என்றும் அது கூறியது. ஒவ்வொரு படத்தின் பின்னும் கொடுமைக்கு உள்ளான ஒரு பிள்ளை உள்ளது என்பதே இதன் கருத்து.

எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஆனது, 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. சிறுவரைக் குறிவைத்த விளம்பரங்களையும் தடைசெய்கிறது.

பிற நாடுகள்

ஐக்கிய இராச்சியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம், 2023 சிறுவருக்குத் தீங்கான உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. ஆத்திரேலியா 2024 இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் குறிப்பிட்ட சமூக வலைத்தளங்களில் 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடைசெய்தது. இச்சட்டத்தில் தண்டம் நிறுவனங்களுக்கே உரியது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை.

பொய் எச்சரிக்கைகள்

பெற்றோரின் அச்சமே சில வேளைகளில் வதந்திக்கு வழியாகிறது. 2017 இல் நீலத் திமிங்கல விளையாட்டு பற்றிய செய்திகள் இந்தியா முழுவதும் பரவின. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தற்கொலைகள் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன. ஆய்வு செய்த குழு, அந்நிகழ்வுகளில் அவ்விளையாட்டின் பங்கை உறுதிப்படுத்த இயலவில்லை எனக் கண்டதாக நடுவண் அரசு 2018 சனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2019 பிப்ரவரியில் பரவிய 'மோமோ' அறைகூவலும் ஆதாரமற்றது எனப் பிரித்தானியச் சிறுவர் நல அமைப்புகள் கூறின. இவ்வகை எச்சரிக்கைகளைப் பகிர்வது சிறுவரின் ஆர்வத்தைத் தூண்டுவதோடு, பிள்ளையின் துயரத்துக்கான உண்மைக் காரணங்களையும் மறைத்துவிடுகிறது.

சிறுவரின் தனியுரிமை

1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கை, பிள்ளைக்குத் தனியுரிமையும் தகவல் பெறும் உரிமையும் உண்டு என்கிறது. இவ்வுரிமைகள் இணையத்துக்கும் பொருந்தும் என்பதை அவ்வுடன்படிக்கைக்கான குழு 2021 இல் வெளியிட்ட 25 ஆம் பொதுக் கருத்துரை விளக்குகிறது. பிள்ளை அறியாமல் உளவு மென்பொருள் நிறுவுவது நம்பிக்கையைக் குலைக்கிறது என்பது இதுபற்றிய முதன்மையான விமர்சனமாகும். கண்காணிப்பு தேவையெனில், எது பார்க்கப்படுகிறது, ஏன், எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பிள்ளைக்கு முன்னரே தெரிவிப்பது முறையாகும்.

பெற்றோரே மீறும் தனியுரிமையும் உண்டு. பள்ளிச் சீருடையுடனும் அடையாள அட்டையுடனும் பிள்ளையின் படத்தைப் பொதுவில் வெளியிடும் பெற்றோர், அதன் பெயரையும் பள்ளியையும் அறிமுகமற்றோருக்குத் தாமே அறிவிக்கின்றனர். படத்தை வெளியிடுமுன் பிள்ளையிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம், தன் படத்தை யாருக்கு அளிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துகிறது. பிற்காலத்தில் வேறொருவர் படம் கேட்கும்போது மறுத்துச் சொல்வதற்கு இதுவே முதற் பயிற்சியாகவும் அமைகிறது.